பின் நம்பர் போட்டால் பணம் வருமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய தேக்குக் கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் சொன்ன விலைக்கே சம்மதித்தார். "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்" என்று ஒரு க்யூஆர் அனுப்பினார். 9,000 ரூபாய் என் கணக்கிலிருந்து போய்விட்டது. (சேலம்)

பதில்: யுபிஐயில் பின் நம்பர் பணம் போவதற்குத்தான். வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் வந்து விழும். பழைய கட்டிலுக்குப் பேரம் பேசாத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை, அங்கேயே உறுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் உங்களைத் திட்ட மனம் வரவில்லை. ராணுவம் என்றால் நம் வீடுகளில் இருக்கிற மரியாதையை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் 8,000 ரூபாய் காஞ்சிப் பட்டு 699-க்குப் போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் கிழிந்த நைட்டி. (ஈரோடு)

பதில்: 699 ரூபாய்க்குப் பட்டு என்று ஈரோட்டில் இருந்துகொண்டா நம்பினீர்கள்? அடுத்த கடிதம்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் கூலிங் நின்றுவிட்டது. கூகுளில் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பர் தேடி அழைத்தேன். பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் கட்ட ஒரு ஆப் போடச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் 46,000 ரூபாய் காலி. வங்கியில் கேட்டால் "நீங்கதானே சார் அனுமதி கொடுத்தீங்க" என்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஐயா, எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை, அந்தக் கம்பெனி மேல். முன்பெல்லாம் வாரண்டி அட்டையில் கடைக்காரர் முத்திரை குத்தி, பக்கத்திலேயே மெக்கானிக் நம்பரைப் பேனாவில் எழுதித் தருவார். இப்போது கம்பெனித் தளத்துக்குப் போனால் ஒரு சாட் பெட்டி வணக்கம் சொல்கிறது, "ஃப்ரிட்ஜ் ஓடவில்லை" என்றால் புது ஃப்ரிட்ஜ் காட்டுகிறது. மனிதர் பேசுகிற நம்பரை ஏழாவது பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் விற்பவர்கள் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் காட்ட வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன, காட்டத்தான் செய்கிறார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில். அப்புறம் ஜனங்கள் கூகுளுக்குத்தான் போவார்கள். அங்கே காசு கொடுத்து விளம்பரம் போட்டோ, வரைபடத்தில் ஒரு கடையைப் பதிந்தோ திருடன் முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறான். பத்து வருடம் முன்பு அவன்தான் உங்களை அழைக்க வேண்டியிருந்தது, இன்று நீங்களே தேடிப்போய் அழைக்கிறீர்கள். அதனால்தான் சந்தேகமே வருவதில்லை.

உங்களைப் போடச் சொன்னது உங்கள் திரையை அவனுக்குக் காட்டுகிற ஆப். நீங்கள் பின் அடித்ததையும், ஓடிபி வந்ததையும் அவன் அங்கிருந்தே படித்திருக்கிறான். இனிமேல் நம்பர் வேண்டுமென்றால் பில்லில் பாருங்கள், இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்.

வங்கி விஷயம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதில் இருக்கிறது. பின்னை, ஓடிபியை நீங்களே கொடுத்ததாக நிரூபித்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. சொன்ன பிறகு போனது வங்கியின் பொறுப்பு. அதனால் மணி முக்கியம், எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். 30 நாளில் ஒழுங்கான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி: மின்கட்டணத்தைப் பாதியாக்கும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே, வாங்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: நான் வாங்கிவிட்டேன், நீங்கள் வாங்க வேண்டாம். 899 ரூபாய், இரவு பதினொரு மணிக்கு, 'சலுகை முடிய இன்னும் 4 நிமிடம்' என்று ஓடிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. பணம் கட்டிய பிறகு அதே பக்கத்தைத் திரும்பத் திறந்தேன், கடிகாரம் மறுபடியும் 10 நிமிடத்திலிருந்து ஓடியது. இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை 2023-ல் மத்திய அரசு தடை செய்தாயிற்று, கடிகாரம்தான் இன்னும் நிற்கவில்லை. பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. அடுத்த பில் கூடித்தான் வந்தது, "விளக்குக்கும் சேர்த்து" என்றாள் மனைவி. ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தால் ஒரு எல்இடி, புளியங்கொட்டை அளவில் ஒரு கெப்பாசிட்டர், கனம் தெரிவதற்காக ஒரு கட்டி சிமெண்ட். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, எத்தனை கெப்பாசிட்டர் செருகினாலும் ஃபேன் இழுக்கிறதை இழுக்கத்தான் செய்யும்.

கேள்வி: போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் வந்து, என் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் போயிருப்பதாகச் சொல்லி இரண்டு நாள் கேமரா முன்னால் உட்கார வைத்தான். வைப்புநிதியை உடைத்து 3 லட்சம் அனுப்பினேன். மகன் பேசுவதில்லை. (64 வயது, கும்பகோணம்)

பதில்: அம்மா, டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியிலேயே எச்சரிக்க வேண்டிய அளவுக்குப் பரவிய மோசடி இது. படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள் எல்லாம் மாட்டியிருக்கிறார்கள். உங்களைத் தனியாக உட்கார வைத்து, 'யாரிடமும் சொல்லாதே' என்றதுதான் அவன் தொழிலே. இந்தக் கடிதத்தை மகனிடம் காட்டுங்கள். தம்பி, கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அம்மாவோடு உட்கார்ந்து சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியுங்கள். 64 வயதுப் பெண் தனியாக வந்து வைப்புநிதியை உடைக்கும்போது, "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?" என்று ஒருவராவது கேட்டார்களா என்று வங்கியிலும் கேளுங்கள்.

கேள்வி: தெரியாத நம்பரிலிருந்து 'திருமண அழைப்பிதழ் ஏபிகே' வந்தது, திறந்தேன். யார் கல்யாணம் என்று தெரியவில்லை. இப்போது என் போனிலிருந்து எல்லோருக்கும் அதே பத்திரிகை போகிறது. (கோவை)

பதில்: பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வெற்றிலை பாக்கோடு வரும், ஏபிகேவாக வராது. ஏபிகே என்பது போனில் ஆப்பை ஏற்றுகிற கோப்பு. யார் கல்யாணம் என்றே தெரியாமல் எதற்காகத் திறந்தீர்கள் என்று கேட்டால் கோபப்படுவீர்கள். போனில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு போனை முழுசாக அழித்து ரீசெட் செய்யுங்கள். பத்திரிகை போன எல்லோருக்கும் ஒவ்வொருவராக அழைத்து, திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மொய் எவ்வளவு என்று கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.