ஸ்பானியர்கள் பெண் குழந்தைக்குத் ‘துயரங்கள்’ என்று பெயர் வைப்பது ஏன்?

பெயர்ப் பட்டியல்களில் டோலோரெஸ் என்றால் ‘துயரங்கள்’, சோலெதாத் என்றால் ‘தனிமை’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பெற்ற மகளுக்கு இப்படியும் பெயரிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பானிய மொழியை விரும்பிப் படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பொருள்கள் சரியானவையே. ஆனால் பட்டியல்கள் பெயரின் பின்பாதியை மட்டுமே தருகின்றன. முழுப்பெயர் ‘மரியா தெ லோஸ் டோலோரெஸ்’, அதாவது வியாகுல மாதா. இயேசுவின் சிலுவையடியில் நின்ற தாய் மரியாவின் துயரமும், மகனை அடக்கம் செய்தபின் அவள் அனுபவித்த தனிமையுமே இப்பெயர்களில் வணங்கப்படுகின்றன. நம் ஊரில் வியாகுலமேரி, ஆரோக்கியமேரி, செபமாலை என்ற பெயர்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வழக்கம் உடனே விளங்கும்.

இவ்வாறு மாதாவின் பட்டங்களே பெயரானவை ஸ்பெயினில் ஏராளம். பிலார் என்றால் தூண். சரகோசாவில் எப்ரோ ஆற்றங்கரையில் மாதா ஒரு தூணின்மேல் இயேசுவின் சீடர் சந்தியாகப்பருக்குக் காட்சி தந்தார் என்பது ஐதிகம், அக்டோபர் 12 அந்த மாதாவின் திருநாள். மத்ரித் நகரின் காவல் மாதாவிடமிருந்து வந்த அல்முதேனா என்ற பெயரோ, கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லில் பிறந்தது. அரபு ஆட்சியின் தடம் ஒரு கிறித்தவப் பெயருக்குள் இன்றும் வாழ்வதை நான் வியந்து பார்க்கிறேன். இவற்றுள் என்னை மிகவும் நெகிழவைப்பது மெர்செதெஸ். ‘இரக்கங்கள்’ என்று பொருள்படும் இப்பெயரின் பின்னால், சிறைப்பட்ட கிறித்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்காக 1218இல் பார்சலோனாவில் பெத்ரோ நொலாஸ்கோ தொடங்கிய துறவற சபை இருக்கிறது. (காருக்கு அப்பெயர் வந்தது, எமில் யெல்லினெக் என்ற வணிகர் தம் மகளின் பெயரைச் சூட்டியதால்.)

ஆண்களின் பெயர்களில் ஃபெர்னாந்தோ, அல்ஃபோன்சோ, ரொத்ரீகோ ஆகியவை, அரபு ஆட்சிக்கு முன் ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்துகள் கொண்டுவந்த பெயர்கள். ரொத்ரீகோவில் புகழையும் ஆட்சியையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்துள்ளன. 711இல் அரபுப் படையிடம் தோற்ற மன்னனின் பெயரும் அதுவே. ரொத்ரீகெஸ் என்ற குடும்பப் பெயர் முதலில் ‘ரொத்ரீகோவின் மகன்’ என்றே பொருள்பட்டது.

வீட்டில் டோலோரெஸை லோலா என்றும், செபமாலை என்று பொருள்படும் ரொசாரியோவைச் சாரோ என்றும் கூப்பிடுவார்கள்; அந்தச் செல்லப்பெயர்களில் துயரமும் இல்லை, செபமாலையும் இல்லை. உங்கள் மகளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரொசீயோ என்பேன்: பொருள் பனித்துளி, மூலம் அந்தலூசியாவில் அல்மோந்தே ஊரின் மாதா.