மகன் கண்டுபிடித்த எண்ணுக்கு 18,000 ரூபாயா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் படிக்கும் என் மகன், 147573952589676412927 என்ற 21 இலக்க எண் ஒரு பகா எண் என்று நிரல் எழுதிக் கண்டுபிடித்திருக்கிறான். 18,000 ரூபாய் கொடுத்தால் சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டு, காப்புரிமையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அது பகா எண்ணே அல்ல. 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். பெருக்கலைக் காகிதத்தில் போடுங்கள். எக்செல் 15 இலக்கத்துக்குப் பிறகு பூஜ்யமாக நிரப்பிவிடும்.

மகனைத் திட்ட வேண்டாம். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியே இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். அது தவறு என்று 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் நிறுவினார். காரணிகள் அவருக்கும் அகப்படவில்லை. 1903-இல் நியூயார்க்கில் கோல் என்ற பேராசிரியர்தான் மேலே சொன்ன இரண்டையும் காட்டினார்.

நிரல் ஏன் ஏமாந்தது? கல்லூரிப் பயிற்சிகளில் வழக்கமாகத் தரும் சோதனையைத்தான் அவனும் போட்டிருப்பான்: எண்ணில் ஒன்று குறைத்து, அத்தனை இரண்டுகளைப் பெருக்கி, எண்ணால் வகு, மீதி 1 என்றால் பகா எண். இந்தக் குடும்பத்து எண்களிடம் அது செல்லாது. சிறிய தம்பி ஒன்றைப் பாருங்கள்: 2047. இது 23 × 89, பகா எண் அல்ல. ஆனால் 11 இரண்டுகளைப் பெருக்கினால் 2048. 2047-ஆல் வகுத்தால் மீதி 1. சோதனைக்கு வேண்டியது 2046 இரண்டுகள், அதாவது பதினொன்று பதினொன்றாக 186 கட்டுகள். ஒவ்வொரு கட்டும் மீதி 1 தரும்போது மொத்தமும் 1 தராமல் என்ன செய்யும்? உங்கள் மகனின் எண்ணில் கட்டுக்கு 67 இரண்டுகள், அவ்வளவுதான் வேறுபாடு. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை. இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்து ஓட்டச் சொல்லுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

இனி அந்த முகவர். காப்புரிமை என்றாரே, அங்கேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. கணித முறை கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவே சொல்கிறது; வெறும் எண்ணுக்கு எங்கே போவது? ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்று அட்டையைக் காட்டுவார். அது இதழுக்கான பதிவு எண், தரச் சான்று அல்ல. பணம் கேட்டு வருகிற ஆய்விதழ் எதுவானாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பகா எண்ணைச் சோதிக்கும் புதிய வழியைக் கண்ட கான்பூர் ஐ.ஐ.டி.யின் மூவர், 2002-இல் தங்கள் கட்டுரையை எல்லோரும் படிக்க இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். இங்கே கல்லூரிகளில் கட்டுரையைப் படிக்காமல், எத்தனை வெளியிட்டார் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அது மாறாதவரை இந்தத் தரகர்களுக்குச் சோறு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆர்வம் இருந்தால், இதே வகைப் பகா எண்களைக் கணினியில் தேடும் கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில் மகன் சேரட்டும், மென்பொருள் இலவசம். 2024 அக்டோபரில் அவர்கள் அறிவித்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.

முகவர் மறுபடி அழைத்தால் மேலே உள்ள இரு காரணிகளையும் வாசித்துக் காட்டி, பெருக்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.