பாட்டியின் பங்கு எங்கே போனது? வீடு வாங்குவோர் கேள்வி – பதில்

கேள்வி: திருச்சியில் 2,400 சதுர அடி மனையும் அதில் உள்ள பழைய வீடும் வாங்கப் பேசியிருக்கிறோம். விற்பவர்கள் இந்துக் குடும்பம். குடும்பத் தலைவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து. 2016-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று 2021-ல் எடுத்த வாரிசுச் சான்றிதழ் சொல்கிறது. இளைய மகன் 2022-ல் காலமானார். அவருக்கு மனைவியும் 12 வயது மகளும் இருக்கிறார்கள். குழந்தைக்காகத் தாயே கையெழுத்துப் போடுவாராம். தலைவரின் அம்மா 2020 வரை இருந்தார் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு இடங்களில் ஓட்டை இருக்கிறது.

முதலாவது, அந்தப் பாட்டி. இந்து ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. 2016-ல் தாய் உயிரோடு இருந்ததால், சொத்து அன்றே ஐந்து பங்காகிவிட்டது. பாட்டிக்கு ஐந்தில் ஒன்று, அதாவது 480 சதுர அடி. சான்றிதழ் எடுத்த 2021-ல் அவர் இல்லை. அதனால் பெயர் ஏறவில்லை. பெயர் ஏறாததால் பங்கு மறைந்துவிடாது. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் விசாரித்துத் தரும் பட்டியல்தான். யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை அது தீர்மானிப்பதில்லை.

பாட்டியின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள். இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், பாட்டியின் கணவர் முன்பே காலமாகிவிட்டார், பாட்டி உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொண்டால், 480 சதுர அடி மூன்றாகப் பிரியும். ஆளுக்கு 160. மகள்கள் இருவருக்கும் சேர்த்து 320 சதுர அடி. முன்பே இறந்த மகனான குடும்பத் தலைவரின் 160 அவர் பிள்ளைகளுக்கு. விற்பவர்களின் அத்தைகளான அந்த இருவரும் கையெழுத்திடாமல் கிரையம் முடித்தால், அந்த 320 சதுர அடி உங்களுக்கு வரவே வராது. பின்னாளில் அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால் நீங்களும் பிரதிவாதி.

அத்தைகளைக் கிரையப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்ப்பது சுலபமான வழி. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தனியாக எழுதும் செலவும் இல்லை. "சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும், போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாட்சிக் கையெழுத்து உரிமையை மாற்றித் தராது. அவரவர் பங்குத் தொகையை அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்தி, அந்த விவரத்தைப் பத்திரத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, குழந்தை. இளைய மகனின் பங்கு அவருடைய தாய், மனைவி, மகள் மூவருக்கும் சமமாகப் போகும். மகளின் பங்கு மைனர் சொத்து. தாய் இயற்கைப் பாதுகாவலர்தான். ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால், அந்தப் பெண் 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள், அதாவது 21 வயதுவரை, தன் பங்கைப் பொறுத்தவரை கிரையத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இப்போது 12 என்றால் உங்களுக்கு ஒன்பது ஆண்டுக் கவலை. சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றத்தில் விற்பவர்கள் மனுப் போடட்டும். கிரைய ஒப்பந்தத்தின் கெடுவை, அனுமதி உத்தரவு கிடைத்த நாளிலிருந்து எண்ணும்படி எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையின் தொகையை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னால் அதன்படியே செலுத்துங்கள்.

கேள்வி: 30 வருட வில்லங்கச் சான்றிதழ் பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது. இனி பயமில்லைதானே?

பதில்: நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு, அந்தச் சார் பதிவாளர் அலுவலகத்தில், அந்தக் காலத்தில் பதிவானவை மட்டுமே அதில் வரும். எனவே எதைக் கொடுத்துத் தேடினீர்கள் என்பதுதான் முக்கியம். இப்போதைய எண் 125/2பி என்றால், உட்பிரிவுக்கு முந்தைய 125/2, 125 இரண்டுக்கும் தேடுங்கள். நகரப் பகுதியானால் டவுன் சர்வே எண்ணுக்கும் தேட வேண்டும். ஊர் ஒரு பதிவு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்தின் காலத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். கிரையத்துக்கு முந்தைய நாள் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, மேலே சொன்ன பாட்டியின் பங்கு போன்ற வாரிசு உரிமைகள் எதுவும் வில்லங்கத்தில் வராது. நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் வராது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கினால், உங்களுக்குத் தெரியாமல் இருந்தாலும் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தும். விற்பவர் பெயரை, நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

அசல் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி, அது பதிவாகாமல் இருந்தால் அதுவும் தெரியாது. அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகமான செர்சாய் தளத்தில் கட்டணம் கட்டித் தேடலாம். அதைவிட முக்கியம், மூலப் பத்திரங்களின் அசலைக் கண்ணால் பார்ப்பது. கலர் ஜெராக்ஸ் அசல்போலவே இருக்கும். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் பதிவு அலுவலக முத்திரை, பக்க எண்கள், கைரேகை இருக்கிறதா என்று பார்த்து, சார் பதிவாளரிடம் வாங்கிய சான்றிட்ட நகலோடு ஒப்பிடுங்கள். அசலைக் காட்டத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 5 லட்சம் முன்பணம் கொடுத்து, சாதாரண முத்திரைத்தாளில் கிரைய ஒப்பந்தம் எழுதினோம், பதிவு செய்யவில்லை. கெடு முடிந்து ஏழு மாதம் ஆகிறது. விலை ஏறிவிட்டதால் விற்க மறுக்கிறார். பதியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறார்.

பதில்: அவர் சொல்வது பாதிதான் சரி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில், பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதுவரை இழுக்காதீர்கள். உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். இந்த வழக்குகள் பெரும்பாலும் தோற்பது ஒரே இடத்தில்தான்: மீதிப் பணத்தோடு வாங்குபவர் தயாராக இருந்தார் என்பதை நிரூபிக்க முடியாமல். கெடு நாளை ஒட்டிய வங்கிக் கணக்கு விவரம், கடன் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மனுவில் மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தைத் திருப்பித் தரவும் கேளுங்கள். கேட்காவிட்டால் நீதிமன்றம் அதைக் கொடுக்க முடியாது. மூன்றாம் நபருக்கு விற்காமலிருக்க இடைக்காலத் தடையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: ஆறு வீடுகள் கொண்ட சிறிய அடுக்ககம். மனை 4,800 சதுர அடி. என் வீடு 1,050. பத்திர வரைவில் பிரிபடா பாகம் (மனையில் என் வீட்டுக்கான பங்கு) 400 சதுர அடி என்று இருக்கிறது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இல்லை.

பதில்: மனை 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரெரா பதிவு தேவையில்லை. உங்கள் மனை சுமார் 446 சதுர மீட்டர்தான். ஆகவே அதில் தவறில்லை. ஆனால் சரிபார்க்கும் வேலை முழுக்க உங்கள் தலையில்.

கணக்கு இதுதான்: உங்கள் வீட்டின் பரப்பை எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, மனையின் பரப்பால் பெருக்குங்கள். சாலை விரிவாக்கத்துக்கு நிலம் தானமாகக் கொடுத்திருந்தால், அதை முதலில் கழித்துவிடுங்கள். 300 சதுர அடி கொடுத்து, ஆறு வீடுகளின் மொத்தம் 9,000 என்றால், உங்களுக்கு 525 வர வேண்டும். எல்லா வீடுகளையும் ஒரே அளவு முறையில் கணக்கிட்டார்களா என்பதையும் கவனியுங்கள். ஆறு பேரின் பாகங்களையும் எழுதிக் கேளுங்கள். கூட்டினால் 4,500-க்குக் குறைவாக வந்தால், மிச்சம் நில உரிமையாளர் அல்லது கட்டுநர் கையில் நிற்கிறது. பிற்காலத்தில் மாடி எழுப்பவும், கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பங்கு கேட்கவும் அவர்களுக்கு அது பிடி.

கேள்வி: பதிவான கிரையப் பத்திரத்தில் வடக்கு எல்லை தவறாக இருக்கிறது. நானே எழுதித் திருத்தலாமா?

பதில்: முடியாது. விற்றவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும். திருத்தத்தால் பரப்பு கூடினால், கூடுதல் பரப்புக்கு முத்திரைத் தீர்வை கட்ட நேரும். விற்றவர் மறுத்தால், பத்திரத்தைத் திருத்தித் தரக் கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம். அவர் விலாசம் மாறிப் போவதற்குள் செய்துவிடுங்கள்.