பாடகர் இல்லாத பாட்டு: ஸ்டூடியோ கிட்டார் கலைஞர் பதில்கள்

சென்னை ஸ்டூடியோக்களில் பல வருடங்களாகத் திரைப்பாடல்களுக்கு கிட்டார் வாசித்து வருகிறேன். கொஞ்ச காலமாக என் சொந்த மெட்டுகளை, பாடல் வரி இல்லாமல், வீட்டிலேயே பதிவு செய்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சி: சார், மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். எந்தப் பாட்டு கொடுத்தாலும் வாசித்துவிடுவேன். சொந்தமாகச் செய்ய உட்கார்ந்தால் மட்டும் மெட்டு வருவதில்லை, பழகிய லிக்குகளே (கை பழகிய சின்ன இசைத் துணுக்குகளே) வருகின்றன.

தம்பி, கிட்டாரை ஓரமாக வையுங்கள். வாயால் பாடி போனில் பதிவு செய்யுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. விரல் எப்போதும் தனக்குச் சுலபமான இடத்துக்குத்தான் போகும். பாடும்போது மூச்சு முடிகிற இடத்தில் தானாக ஒரு நிறுத்தம் விழும், மெட்டுக்கு வடிவம் வருவதே அந்த நிறுத்தங்களால்தான். அப்புறம் பாடியதை அப்படியே கிட்டாரில் எடுங்கள், மூச்சு விட்ட இடத்தையும் சேர்த்து.

நம்மைப் போல அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தே வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்த வரியைத் தொடங்கும் முன் இரண்டு பார் (தாள அளவு) கிடைக்கும். அதற்குள் ஒரு பிட் வாசித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். அந்த ஒதுங்கும் பழக்கம் கையில் ஊறிவிடுகிறது. சொந்த இசையில் பாடகரே நீங்கள்தான், ஒதுங்கினால் அங்கே யாரும் இல்லை. முழுப் பல்லவியையும் தைரியமாக, மெதுவாகச் சொல்லுங்கள்.

பல்லவி திரும்ப வரும்போது ஸ்வரத்தை மாற்றுவதற்கு முன் கம்பியை மாற்றிப் பாருங்கள். முதல் கம்பியை விரல் வைக்காமல் அடித்தால் வரும் அதே ஸ்வரம், இரண்டாம் கம்பியில் 5-ஆம் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்றால் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி), மூன்றாம் கம்பியில் 9-ஆம் ஃபிரெட்டிலும், நான்காம் கம்பியில் 14-ஆம் ஃபிரெட்டிலும் இருக்கிறது. நான்காம் கம்பியில் வாசித்தால் தடித்த, கனிந்த நாதம் கிடைக்கும். வேறொருவர் வந்து பாடுவது போலவே இருக்கும். எஃபெக்ட் பெடல் வாங்கும் முன் இந்த வித்தையைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கோவை: ஸ்டூடியோ கலைஞராக இருந்து சொந்த வாத்திய இசைக்குப் போனவர்களில் யாரைக் கேட்கலாம்?

லாரி கார்ல்டனைக் கேளுங்கள். 1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்கள் தேடித்தேடிக் கூப்பிட்ட கிட்டார் கலைஞர். வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ அமைத்து, தன் கிப்ஸன் இஎஸ்-335 கிட்டாரின் நினைவாக அதற்கு 'ரூம் 335' என்று பெயர் வைத்தார். 1978-இல் வெளியான அவருடைய தனி ஆல்பம் அங்கே பதிவானதுதான். எவ்வளவு வேகமாக வாசிக்கத் தெரிந்தும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும் பொறுமை அவரிடம் இருக்கிறது.

நம் ஊரில் இளையராஜாவே இசையமைப்பாளர் ஆவதற்கு முன் கிட்டார் வாசித்தவர், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். அவருடைய 1986 வாத்திய ஆல்பத்தில் வி. எஸ். நரசிம்மனின் வயலினைக் கவனியுங்கள். கிட்டார் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். வரி இல்லாத மெட்டு எப்படி மூச்சு விடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணம்: அண்ணா, என்னிடம் ஒரே ஒரு கண்டென்ஸர் மைக்தான் இருக்கிறது. அக்கூஸ்டிக் கிட்டாரைப் பதிவு செய்தால் 'பும்' என்று அடிக்கிறது.

மைக் நடுத் துளைக்கு நேராக இருக்கும் என்று நினைக்கிறேன். காற்று உள்ளே போய்வருகிற இடம் அதுதான், தாழ்ந்த ஒலி அங்கே குவிந்து வரும். கழுத்தும் உடலும் சேரும் பக்கமாக, 12-ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் வையுங்கள். அங்கிருந்து விரல் அளவு விரல் அளவாக நகர்த்தி, ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு மைக்கே தாராளம்.

அறை மூலையில் உட்காராதீர்கள். துணி அலமாரி, மெத்தை இருக்கும் படுக்கையறை நல்ல அறை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். 24 பிட்டில் (ரெக்கார்டிங் மென்பொருளில் வரும் தர அளவு) பதிவு செய்தால் ஒலி அளவை மீட்டரின் சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியதில்லை, உச்சம் -10 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும். கம்பியை முந்தின நாளே மாற்றிவிடுங்கள், புதுக் கம்பி சுருதியில் நிற்கச் சில மணி நேரமாவது வேண்டும்.

எலக்ட்ரிக் என்றால், ஆம்ப் ஒலியோடு கிட்டாரிலிருந்து வரும் வெறும் ஒலியையும் தனி ட்ராக்காக எடுத்து வையுங்கள். பிறகு டோன் பிடிக்காமல் போனால் திரும்ப வாசிக்காமலே மாற்றிக்கொள்ளலாம்.

மதுரை: கிளிக் (ஹெட்போனில் ஒலிக்கும் தாளத் தட்டு) வைத்துத்தான் வாசிக்க வேண்டுமா?

மற்ற வாத்தியக்காரர்கள் பின்னால் வந்து சேர்ந்து வாசிப்பதாக இருந்தால், ஆமாம். தனி கிட்டாருக்கு வேண்டாம்.

சிங்கப்பூர்: கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். கிட்டாரில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) சரியாக வருமா? ஃபிரெட் குறுக்கே நிற்கிறதே.

வரும், ஆனால் ஒவ்வொரு கமகத்துக்கும் தனி வழி தேட வேண்டும். கம்பியை இழுத்தால் ஸ்வரம் மேலேதான் போகும். மேலிருந்து கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் சத்தமில்லாமல் இழுத்து வைத்து, மீட்டிய பிறகு மெல்ல விட வேண்டும். எந்த அளவு இழுத்தோம் என்பதைக் காது சொல்ல முடியாது, விரல்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். இதற்குத் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்யுங்கள்.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே, நான்கு ஃபிரெட் அகலத்துக்கு அசைகிறது. அவ்வளவு தூரம் இழுத்தால் விரல் தாங்காது, ஒலியும் நெரியும். ஒரே கம்பியில் மேலும் கீழும் விரலைச் சறுக்கி வாசியுங்கள், பாதி சரியாகிவிடும். சின்ன அசைவுகளுக்கு மட்டும் இழுப்பு. அக்கூஸ்டிக்கில் 12 கேஜ் (தடிமன் அளவு) கம்பியை எடுத்துவிட்டு 10 போட்டால் விரல் பிழைக்கும்.

இங்கிலாந்து கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவுக்காக ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகக் குடைந்த கிட்டார் செய்து வாங்கினார். விஸ்வ மோகன் பட் ஃபிரெட்டையே விட்டுவிட்டு மோகன வீணையில் ஸ்லைடால் வாசிக்கிறார். சாதாரணக் கிட்டாரில் முடிந்தவரை போய்ப் பார்த்த பிறகு அந்த வழிகளுக்கு வாருங்கள். எந்தக் கமகம் கிட்டாரில் அழகாக உட்காரவில்லையோ, அதை விட்டுவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. ராகம் கெடாமல் இருந்தால் சரி.

சென்னை: என் மெட்டை யாராவது எடுத்துக்கொண்டால்? பதிவு செய்து உரிமை வாங்க வேண்டுமா?

இந்தியச் சட்டப்படி மெட்டை உருவாக்கி எழுதியோ ஒலிப்பதிவாகவோ வைத்தாலே காப்புரிமை (காப்பிரைட்) உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, வழக்கு வந்தால் சாட்சியாக உதவும். உங்கள் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். தேதியோடு கூடிய முதல் பதிவுகள், ஸ்வரக் குறிப்புகள் எதையும் அழிக்காதீர்கள். வேறொருவர் வந்து பாஸ் வாசித்தால், என்ன சம்பளம், யாருக்கு என்ன உரிமை என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நண்பர் என்றால் இன்னும் அவசியம்.

திரைப்பாட்டை கிட்டாரில் வாசித்து வெளியிடுவது வேறு விஷயம். அந்த மெட்டு உங்களுடையதல்ல, அனுமதி வேண்டும்.

சேலம்: இதில் வருமானம் உண்டா, சார்?

கேட்பவர் எண்ணிக்கையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத ட்ராக்குக்கு ஒலிப்பதிவுப் பணம் கிடையாது. எனக்கு இன்றும் சோறு போடுவது ஸ்டூடியோ வேலைதான். அதனால் வேலையை விடாதீர்கள், வாரத்தில் ஒரு காலை நேரத்தை மட்டும் யாருக்கும் தராமல் உங்கள் மெட்டுக்கு ஒதுக்குங்கள்.

ஆவணப்படம், குறும்படம் எடுப்பவர்கள் வரி இல்லாத இசையைத் தேடுகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும்படி ஒவ்வொரு மெட்டையும் முழு மிக்ஸாகவும், மெட்டு வாசிக்கும் கிட்டார் இல்லாத மிக்ஸாகவும், ஒரு நிமிடச் சுருக்கமாகவும் மூன்று விதமாக எடுத்து வையுங்கள். வசனம் வரும் இடத்தில் இரண்டாவதைத்தான் கேட்பார்கள்.