காதுகொடுத்துக் கேட்கிறதா கைப்பேசி?

கேள்வி: தோழி ஒருத்தியுடன் முழங்கால் வலியைப் பற்றி நேரில் பேசிக்கொண்டிருந்தேன். அதுபற்றி இணையத்தில் எதையும் தேடவில்லை, யாருக்கும் எழுதவுமில்லை. அன்று மாலையே வலி நிவாரணத் தைலத்தின் விளம்பரம் என் கைப்பேசியில் வந்து நின்றது. நாம் பேசுவதைக் கைப்பேசி ஒட்டுக்கேட்கிறதா?

பதில்: உங்கள் சந்தேகம் இயல்பானது; இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வியும்கூட. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒலிவாங்கியை ரகசியமாக இயக்கிப் பேச்சைப் பதிவுசெய்து அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. (திரையில் நடப்பதைப் பதிவுசெய்து வெளி நிறுவனத்துக்கு அனுப்பிய செயலி அகப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.) ஓர் ஆய்வு எல்லாக் காலத்துக்கும் சான்றாகிவிடாது, ஆயினும், ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே விளம்பர நிறுவனங்களுக்கு இல்லை என்பதுதான் என் கருத்து.

நீங்கள் தேடவில்லை, உங்கள் தோழி தேடியிருக்கலாம். இருவரும் ஒரே வைஃபை இணைப்பில் சிறிது நேரம் இருந்திருந்தால், இரண்டு கைப்பேசிகளும் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வெளியுலகுக்குத் தெரிந்திருக்கும். அவர் தம் தொடர்பு எண்களைப் படிக்க ஏதேனும் ஒரு செயலிக்கு அனுமதி தந்திருந்தால், உங்கள் எண்ணும் அந்த நிறுவனத்திடம் போயிருக்கலாம். நீங்கள் ஒரு கடையில் தள்ளுபடிக்காகக் கொடுத்த கைப்பேசி எண்ணை, அந்தக் கடை சங்கேதக் குறியீடாக மாற்றிச் சமூக ஊடக நிறுவனத்திடம் கொடுத்து, ‘இந்த வாடிக்கையாளருக்கும் இவரைப் போன்ற பிறருக்கும் விளம்பரம் காட்டுக’ என்று பணம் கட்டலாம். உங்கள் வயது, எந்தக் காணொளியில் எத்தனை நொடி நின்றீர்கள் என்ற கணக்கு ஆகியவை ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. தனித்தனியே பார்த்தால் இவற்றுள் எதுவும் பெரிதில்லை. கோத்துப் பார்க்கும்போதுதான் முழங்கால் வலி வெளிப்படுகிறது. பொருந்தாத விளம்பரங்கள் அன்று எத்தனையோ உங்கள் கண்ணில் பட்டிருக்கும், அவற்றை மறந்துவிட்டீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: எந்த இணையதளத்துக்குப் போனாலும் ‘குக்கீகளை ஏற்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டால் என்னதான் நடக்கிறது?

பதில்: குக்கீ என்பது இணையதளம் உங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு. உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டுல்லி 1994-இல் இதை உருவாக்கியபோது, வந்தவரையே மீண்டும் அடையாளம் காண்பதும், கூடையில் போட்ட பொருளை நினைவில் வைப்பதும்தான் நோக்கம். அந்தப் பயன் இன்றும் தேவையே. சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கீயில்தான் உள்ளது. நீங்கள் படிக்கும் செய்தித் தளத்திலும், அடுத்துப் பார்க்கும் சமையல் தளத்திலும், இரவில் திறக்கும் மருத்துவத் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், மூன்று இடத்திலும் வந்தவர் ஒருவரே என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு, உங்களுக்கு விளம்பரம் காட்டும் வாய்ப்புக்கு ஏலம் நடக்கிறது. பக்கம் திறக்கும் கணத்திலேயே, பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், உங்கள் அடையாள எண், தோராயமான இருப்பிடம், படிக்கவிருக்கும் பக்கத்தின் முகவரி ஆகியவை பல நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் திரையில் வருகிறது. என்னை அதிகம் உறுத்துவது வென்றவரைவிடத் தோற்றவர்களே. அவர்கள் விளம்பரம் எதையும் காட்டவில்லை. ஆனால், உங்களைப் பற்றிய விவரத்தைப் பார்த்துவிட்டார்கள்.

‘ஏற்கிறேன்’ பளிச்சென்று தெரிவதும், ‘மறுக்கிறேன்’ நான்கு பக்கம் தாண்டி ஒளிந்திருப்பதும் தற்செயல் அல்ல. ஏற்பதைப்போல மறுப்பதை எளிதாக வைக்கவில்லை என்பதற்காகவே பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. மறுத்தாலும் பெரும்பாலான தளங்கள் வேலை செய்யும், தயங்காமல் மறுக்கலாம்.

கேள்வி: மறைநிலை (இன்காக்னிடோ) உலாவலைப் பயன்படுத்தினால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் கருவியில் வரலாறு தங்காது, சாளரத்தை மூடியதும் குக்கீகள் அழியும், அவ்வளவுதான். இணையச் சேவை நிறுவனமும் நீங்கள் பார்க்கும் தளமும் உங்கள் ஐ.பி. முகவரியை வழக்கம்போலவே பார்க்கும். அதே சாளரத்தில் மின்னஞ்சலுக்குள் நுழைந்துவிட்டால், பெயரையும் நீங்களே சொன்னதாகிறது.

கேள்வி: நான் எந்தத் தவறும் செய்வதில்லை. மறைக்க ஒன்றுமில்லாத எனக்கு இதனால் என்ன இழப்பு?

பதில்: 2006 ஆகஸ்டில் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களை, பெயர்களுக்குப் பதில் எண்களை இட்டு, ஆராய்ச்சிக்கென வெளியிட்டது. சில நாட்களுக்குள்ளேயே செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களைத் தொடர்ந்து சென்று, முதிய பெண்மணி ஒருவரின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். அவர் குற்றம் எதுவும் செய்தவர் அல்லர். ஊர்ப்பெயர், உறவினரின் குடும்பப்பெயர், உடல்நலக் கேள்விகள் என்று எவரும் தேடுபவற்றையே தேடியிருந்தார். மறைக்க ஒன்றுமில்லை என்கிறோம். ஆனாலும், மருத்துவரிடம் சொல்வதை அதே சொற்களில் மேலதிகாரியிடம் சொல்வதில்லை. இடத்துக்கு ஏற்றபடி சொல்லும் அந்த உரிமையைத்தான் இழக்கிறோம்.

கேள்வி: என்னால் இணையத்தை விட முடியாது. குறைந்தபட்சம் எதைச் செய்யலாம்?

பதில்: எல்லாவற்றையும் மறைக்க முயன்றால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்; கோக்கும் நூலை ஆங்காங்கே அறுப்பது எளிது. விளம்பர நிறுவனங்கள் உங்கள் கருவியை அடையாளம் காண உதவும் கைப்பேசியின் விளம்பர அடையாள எண்தான் முதல் நூல். ஆண்ட்ராய்டு 12 முதல் அதை அமைப்புகளுக்குள் சென்று நீக்கிவிடலாம். ஐபோனில் 2021 ஏப்ரல் முதல் பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரச் செயலிகள் உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும், மறுத்துவிடுங்கள். இருப்பிட அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள்; டார்ச் செயலிக்கு அதுவும் வேண்டாம். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தானாகவே தடுக்கிறது. அவற்றைக் கைவிடப்போவதாக அதே ஆண்டு அறிவித்த கூகுளின் குரோம் உலாவி பிறகு பின்வாங்கிவிட்டது, ஆகவே அதில் நீங்களே தடுத்துக்கொள்ள வேண்டும். கடைகளுக்கும் தள்ளுபடிகளுக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதும் நல்லது.

இவற்றால் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. உங்களுக்குச் சற்றும் பொருந்தாத டிராக்டர் விளம்பரமோ குழந்தைத் தொட்டில் விளம்பரமோ வரத் தொடங்கினால், எரிச்சல்படாமல் கடந்துபோங்கள்.