குளிர்காலம் முழுக்க வலைக்குள் ட்ரைவர் அடித்தால் போதுமா?

கேள்வி: எங்கள் கோல்ஃப் கோர்ஸ் நவம்பரில் மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும். என் ஹேண்டிகேப் 16, அதாவது நடுத்தர ஆட்டக்காரன்; வலது கை. கராஜில் ஒரு வலையும் மேட்டும் (செயற்கைப் புல் விரிப்பு) போட்டு, வாரத்தில் மூன்று மாலைகள் ட்ரைவரும் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) 7 அயர்னும் (நடுத்தூரக் கிளப்) அடிக்கிறேன். வலைக்குள் எல்லா ஷாட்டும் நன்றாகவே படுகிறது. ஆனால் கோர்ஸ் திறந்ததும் சிப் (கிரீன் ஓரத்திலிருந்து அடிக்கும் சின்ன ஷாட்) அடித்தால் கிளப் மண்ணில் குத்துகிறது, எந்த கிரீனிலும் (துளை இருக்கும் வழவழப்பான புல்தரை) பந்தைத் துளைக்குள் உருட்ட மூன்று பட் ஆகிவிடுகிறது. பழைய ஆட்டம் திரும்ப ஜூன் ஆகிவிடுகிறது. இந்த ஆண்டு இடது முழங்கையிலும் வலி. நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்:

உங்கள் உழைப்பில் குறை எதுவும் இல்லை. அந்த உழைப்பு தேவையில்லாத இடத்தில் செலவாகிறது, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் ஆடியவருக்கு முழு ஸ்விங் நான்கைந்து மாதத்தில் காணாமல் போகாது. கொஞ்சம் துருப்பிடிக்கும், இரண்டு பக்கெட் பந்து அடித்தால் சரியாகிவிடும். முதலில் போவது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, கிளப் தரையை எங்கே தொடுகிறது என்ற துல்லியம். மற்றொன்று, பந்து எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று கைக்குத் தெரிகிற உணர்வு. சிப்பிங்கும் பட்டிங்கும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன. நீங்கள் மூன்று மாலையும் பயிற்சி செய்வது தொலையாததை. தொலைவதை ஒரு மாலைகூடத் தொடுவதில்லை.

தொழில்முறை கோல்ஃப் வீரர் விக்டர் ஹோவ்லாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஸ்லோவில் வளர்ந்தவர், நார்வேயின் நீண்ட குளிர்காலங்களில் கூரைக்கடியில் உள்ள பயிற்சி ரேஞ்சில் அடித்துப் பழகியவர். 2018-இல் யு.எஸ். அமெச்சூர் பட்டத்தை வென்றார். அவருடைய நீண்ட ஷாட்டுகளை உலகமே மெச்சியபோது, சிப்பிங்தான் தன் பலவீனம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதற்கென்றே உட்கார்ந்து உழைத்தார். 2023-இல் அமெரிக்கத் தொழில்முறை டூரின் ஆண்டுப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையும் கைக்கு வந்தது. கூரைக்குள் முழு ஸ்விங்கை வளர்க்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. சின்ன ஷாட்டுகள் தானாக வந்துவிடாது என்பதற்கும் அவரே சாட்சி.

இப்போது உங்கள் மேட்டுக்கு வருவோம். "வலைக்குள் எல்லா ஷாட்டும் நன்றாகவே படுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். புல்லில் கிளப் பந்தைத் தொடும் முன், அதற்குப் பின்னாலேயே தரையில் இறங்கினால் மண்ணுக்குள் புதைந்துவிடும்; பந்து பாதி தூரம்கூடப் போகாது. மேட்டில் அதே தவறு நடந்தால் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும். சத்தமும் நன்றாக இருக்கும், வலையும் குலுங்கும். மாதக்கணக்கில் அந்தத் தவறுக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த கை, ஏப்ரலில் உண்மையான மண்ணைத் தொட்டதும் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு வழி எளிது. ஒரு கைத்துண்டை நான்காக மடித்து, பந்துக்குப் பின்னால் சுமார் 10 செ.மீ. தள்ளி வையுங்கள். கிளப் கீழே வரும்போது துண்டைத் தொட்டால் அது மண்ணில் குத்திய ஷாட் என்று கணக்கு. பந்து வலையில் எங்கே பட்டது என்று பார்க்கவே வேண்டாம். 7 அயர்னோடு தொடங்காதீர்கள். வெட்ஜை (சின்ன ஷாட்டுகளுக்கான கிளப்) எடுத்து, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத அரை ஸ்விங். துண்டைத் தொடாமல் தொடர்ந்து பத்து வந்தால், துண்டை இரண்டு விரல் அகலம் பந்தை நோக்கி நகர்த்துங்கள்.

பந்தே இல்லாமலும் இதைச் செய்யலாம். எனக்கு இதுதான் அதிகம் பிடித்த பயிற்சி. தேய்ந்துபோன ஒரு கால்மிதியில் குறுக்காகச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடுதான் பந்து. வெட்ஜின் அடிப்பாகம் கோட்டிலோ அதைத் தாண்டி இலக்கின் பக்கம் சற்று முன்னாலோ "சரக்" என்று உரச வேண்டும். கோட்டுக்குப் பின்னால் உரசினால் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதே சொல்லிவிடும். வீட்டில் யாரையும் தொந்தரவு செய்யாமல் பத்து நிமிடம் போதும்.

முழங்கை வலிக்கும் மேட்டுக்கும் சம்பந்தம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புல் கிளப்பின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். மெல்லிய மேட்டுக்குக் கீழே சிமெண்ட் தரை இருந்தால் அந்த அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டு வழியாக முழங்கைக்குப் போகும். வலது கைக்காரருக்கு இடது முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலிப்பது அடிக்கடி காணும் ஒன்று. அயர்ன் ஷாட்டுகளை உடனே நிறுத்துங்கள். வலி போன பிறகு, பந்தைத் தாழ்வான டீயில் (பந்தைத் தாங்கும் சின்ன முளை) வைத்து மட்டும் அடியுங்கள். மேட்டுக்குக் கீழே தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். வலியோடு அடித்துப் பழகக் கூடாது. உடம்பு வலியைத் தவிர்க்க ஸ்விங்கையே திருகிவிடும்.

அடுத்தது பட்டிங். வீட்டுக்குள் முழு மனதோடு செய்யக்கூடிய ஒரே பகுதி இது. பதினெட்டு துளைக்கும் எதிர்பார்க்கும் அடிகளான பார் 72 என்ற கணக்கிலேயே 36 பட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதாவது பாதி ஆட்டம். பட்டிங்கில் இரண்டு திறமைகள் இருக்கின்றன: பந்தை நினைத்த கோட்டில் கிளப்புவது, நினைத்த தூரத்தில் நிறுத்துவது. முதலாவதை வரவேற்பறையிலேயே உலகத் தரத்துக்குக் கொண்டுவரலாம்.

கணக்கைப் பாருங்கள். துளையின் விட்டம் 108 மி.மீ.; நடுவிலிருந்து விளிம்புக்கு 54 மி.மீ. பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர் பட்டில், பந்து ஒரே ஒரு டிகிரி விலகிக் கிளம்பினால் துளையை அடையும்போது 52, 53 மி.மீ. தள்ளியிருக்கும். துளையின் ஓரம்தான். மெதுவாக வந்தால் ஒருவேளை விழும், கொஞ்சம் வேகமிருந்தால் சுற்றிவிட்டு வெளியே வரும். ஆகவே பத்தடிக்குள் பட் போட வேண்டுமானால் ஒரு டிகிரிக்குள் கிளப்பத் தெரிய வேண்டும். பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் பட்டரின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான்.

அந்த ஒரு டிகிரியை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்பு ஸ்கேல் போதும். சமமான தரையில் அதைப் படுக்க வைத்து, ஒரு முனையில் நட்டநடுவில் பந்தை வைத்து, மெதுவாகப் பட் அடியுங்கள். ஸ்கேல் சுமார் 3 செ.மீ. அகலம் இருக்கும். பந்து நடுவிலிருந்து ஒன்றரை செ.மீ. விலகினாலே கீழே இறங்கிவிடும். ஒரு மீட்டரில் அது ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆக, மறுமுனை வரை விழாமல் ஓடிய ஒவ்வொரு பந்தும் பத்தடி பட்டுக்குப் போதுமான நேர்மையோடு கிளம்பிய பந்து. முதல் நாள் பத்தில் மூன்று ஓடினாலே நல்லது. எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துவையுங்கள். வலப்பக்கமே விழுந்தால் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது. அல்லது உங்கள் கண் பந்துக்கு நேர் மேலே இல்லை. இரண்டு பக்கமும் மாறிமாறி விழுந்தால் மணிக்கட்டு ஆடுகிறது.

தூர உணர்வு கொஞ்சம் தந்திரமானது. கார்ப்பெட்டின் வேகம் வேறு, கிரீனின் வேகம் வேறு. எனவே "இவ்வளவு அடித்தால் இவ்வளவு போகும்" என்று கார்ப்பெட்டில் மனப்பாடம் செய்தால் அது வெளியே உதவாது. சில நேரம் கெடுதலும் செய்யும். பழக வேண்டியது கணிப்பை. வெவ்வேறு தூரத்தில் மூன்று நாணயங்களை வையுங்கள். ஒரே நாணயத்துக்கு இரண்டு முறை தொடர்ந்து அடிக்கக் கூடாது. அடித்தவுடன் தலையைத் தூக்காமல் "குறைவு", "அதிகம்", "சரி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால் கை விழித்துக்கொண்டது என்று அர்த்தம். முடிந்தால் ஒரு நாள் கார்ப்பெட், ஒரு நாள் வெறும் தரை என்று மாற்றுங்கள். புதிய வேகத்துக்கு எத்தனை பந்தில் பழகுகிறீர்கள் என்பதுதான் ஏப்ரலில் உங்களைக் காப்பாற்றப் போகிறது.

ஸ்விங்கில் ஏதாவது மாற்ற நினைத்திருந்தால் அதற்கு இதுதான் காலம். ஸ்கோர் கார்டு இல்லை, பந்து எங்கே பறந்தது என்ற கவலையும் இல்லை. ஆனால் ஒன்றே ஒன்று. மூன்று மாற்றங்களை ஒன்றாகத் தொட்டவர் வசந்தத்தில் மூன்றும் இல்லாமல்தான் வருவார். கண்ணாடி முன் மிக மெதுவாக, பந்தில்லாமல், நிறுத்திநிறுத்திச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை ஃபோனில் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் கை உயரத்தில் வைத்துப் படமெடுத்துப் பாருங்கள். நாம் செய்வதாக உணர்வதும் உண்மையில் செய்வதும் அடிக்கடி வேறுபடும். அதற்கெல்லாம் பிறகுதான் பந்து.

சிமுலேட்டருக்கு (திரையைப் பார்த்து ஆடும் கூடம்) போக வாய்ப்பிருந்தால் போங்கள், ஆனால் அங்கே பதினெட்டு ஹோல் ஆடிப் பொழுதுபோக்குவதைவிட ஒரு வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் மூன்று வெட்ஜ்களை இடுப்பு வரை, மார்பு வரை, முழுசாக என மூன்று நீளத்தில் அடித்து, பந்து காற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று ஒன்பது எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான அமெச்சூர்களிடம் இந்த ஒன்பது எண்கள் இல்லை. திரையில் போடும் பட்டிங்கை மட்டும் நம்பாதீர்கள்.

உடம்பைப் பற்றி ஒரே விஷயம்: இடுப்பும் மேல்முதுகும் சுழல்வது குறைந்தால் அந்தச் சுமையைக் கீழ்முதுகும் முழங்கையும் சுமக்கும். தினமும் பத்து நிமிடம் அந்த இரண்டையும் சுழற்றிவிடுங்கள். முழங்கை சம்மதித்தால் வாரம் இருமுறை கால், தொடை, முதுகுக்கான பளுப் பயிற்சி. ட்ரைவரில் கிளப் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் சுமார் இரண்டரை கெஜம் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. வலைக்குள் நூறு பந்து அடிப்பதைவிட இது அதிக லாபம்.

கிளப்பின் க்ரிப் (கைப்பிடி உறை) தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கிளப்புகளைக் கார் டிக்கியில் விடாமல் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

குளிர்காலத்தில் அபூர்வமாக ஒரு நல்ல நாள் கிடைத்து எங்காவது ஆட முடிந்தால், ஆடுங்கள். உறைபனி படிந்த புல்லில் மட்டும் கால் வைக்க வேண்டாம். மிதித்தால் புல்லின் செல்கள் உடைந்து கருகிவிடும், அதனால்தான் கோர்ஸ்காரர்கள் தாமதமாகத் திறக்கிறார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்து துள்ளாது. ஆகவே வழக்கத்தைவிட ஒரு படி அதிக தூரம் அடிக்கும் கிளப்பை எடுத்து முக்கால் ஸ்விங் அடியுங்கள். பந்துகளை முந்தைய இரவு வீட்டுக்குள் வைத்திருக்கலாம். ஆனால் ஆட்டத்துக்காக வேண்டுமென்றே சூடாக்கிய பந்தால் அடிப்பது கோல்ஃப் விதி 4.2-க்கு எதிரானது. பல நாடுகளில் இந்த மாதங்களின் ஸ்கோர் ஹேண்டிகேப்பில் சேராது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திப் பாதி கிளப்புகளோடு ஆடிப் பாருங்கள். 8 அயர்னால் சிப் அடிக்க வேண்டி வரும்போது கை நிறையக் கற்றுக்கொள்ளும்.

உங்கள் மூன்று மாலைகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: ஒன்று முழுக்க ஸ்கேலும் நாணயமும், ஒன்று கால்மிதியும் துண்டும் வெட்ஜும், மூன்றாவது உடற்பயிற்சியும் அந்த ஒரே ஸ்விங் மாற்றமும். ட்ரைவர் பிப்ரவரி கடைசி வரை வேண்டாம். அதன் பிறகு, முழங்கை அனுமதித்தால், வாரத்துக்கு இருபது பந்து, எல்லாம் டீயிலிருந்து.

கோர்ஸ் திறந்த முதல் நாள் நேராக ஆட்டம் தொடங்கும் முதல் டீக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், கிரீன் ஓரத்தில் ஒரே பந்தோடு நில்லுங்கள்: சிப் அடித்து, அதே பந்தைப் பட் போட்டு முடித்து, வேறு இடத்துக்குப் போய் மறுபடி. கிளப் மண்ணில் குத்தினால் பந்தை எடுத்துவிட்டு, கால்மிதியில் செய்ததைப் போலப் புல்லை மட்டும் நாலைந்து முறை உரசிவிட்டுத் தொடருங்கள். முதல் மூன்று ரவுண்டுக்கு ஸ்கோர் எழுத வேண்டாம். எத்தனை பட், எத்தனை சிப் மண்ணில் குத்தியது என்ற இரண்டு எண்கள் போதும். மூன்றாவது ரவுண்டிலும் மூன்று பட்டுகள் குறையாவிட்டால், முதல் பட் குறைவாக நிற்கிறதா, தாண்டிப் போகிறதா என்று குறித்து எனக்கு எழுதுங்கள். திருத்த வேண்டியது கையையா, கிரீனைப் பார்க்கும் விதத்தையா என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.