‘ஃப்ரீ பேண்ட்’ சார், ஒண்ணும் வேண்டாம் என்றார்களா?

கேள்வி: வக்கீலம்மா, வணக்கம். நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரு ஹட்டியில் இருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதோடு மூன்று அறை ஹோம்ஸ்டே. ஃபைபர் நெட் ரோட்டோரம் இருக்கும் பெரியப்பா வீடு வரைக்கும்தான் வந்திருக்கிறது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் என் வீடு, நேர்க்கோட்டில் 1.2 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் டிஷ் வைத்து வயர்லெஸ்ஸில் இழுக்கலாம் என்று இருக்கிறேன். உறைபனி இறங்குவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 915 மெகாஹெர்ட்ஸ் லோரா சென்சார் (குறைந்த சக்தியில் ரொம்ப தூரம் தகவல் அனுப்பும் வயர்லெஸ் வகை) ஆறு வாங்கிவிட்டேன். காட்டெருமை, கரடி நடமாட்டம் இருப்பதால் இலை பறிப்பவர்களுக்காக இரண்டு வாக்கி டாக்கியும் ஆன்லைனில் வாங்கினேன். விற்றவர் "ஃப்ரீ பேண்ட் சார், ஒண்ணும் வேண்டாம்" என்கிறார். எங்கள் ஊர் கேபிள்காரர் "லைசென்ஸ் இல்லாம போட்டா உள்ள தூக்கி வெச்சிடுவாங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் பாதி பாதி சரி. நீங்கள் கேட்ட மூன்று சாமானில் ஒன்று போடலாம், ஒன்று போடக் கூடாது, இன்னொன்றை உடனே பேட்டரி கழற்றி எடுத்து வையுங்கள். எது எது என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ‘ஃப்ரீ பேண்ட்’. ரேடியோ அலை அனுப்பும் எந்தக் கருவியையும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது என்பதுதான் 1933-ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்து வரும் அடிப்படை. கவனியுங்கள், ஆன் செய்வது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். அனுமதியில்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அதற்கு முன்னால் இருக்கும் ‘3 ஆண்டு’ என்ற சொல்லைப் படிப்பதில்லை. இப்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 ஜூன் 26-லிருந்து பகுதி பகுதியாக அமலாகிவருகிறது. ரேடியோ கருவி வைத்திருக்க அங்கீகாரமோ விலக்கோ வேண்டும் என்ற அடிப்படை அதிலும் மாறவில்லை.

இந்தத் தடையிலிருந்து சில அலைவரிசைகளுக்கு மட்டும் அரசு விதி போட்டு விலக்குக் கொடுத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005 ஜனவரியில், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு 2018 அக்டோபரில். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005-ல் திறந்து, பிறகு 868 வரை நீட்டினார்கள். விலக்கு என்றால் லைசென்ஸ் கட்டணம் கட்டி, அலைவரிசை ஒதுக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டாம், அவ்வளவுதான். கருவி அரசு ஒப்புதல் பெற்ற வகையாக இருக்க வேண்டும், சொன்ன சக்திக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனைகள் அந்த விலக்கு விதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை மீறினால் விலக்கும் போய்விடும். திரும்ப 1933-க்கே வந்து நிற்பீர்கள்.

அந்த ஒப்புதலுக்குப் பெயர் ஈ.டி.ஏ., எக்விப்மென்ட் டைப் அப்ரூவல். கொடுப்பது தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ ஆய்வக அறிக்கையோடு அந்தத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் வாங்க வேண்டும். டப்பாவில் இருக்கும் சி.இ. முத்திரை ஐரோப்பாவுக்கு, எஃப்.சி.சி. எண் அமெரிக்காவுக்கு. நம் ஊரில் அந்த இரண்டும் ஈ.டி.ஏ.வுக்கு ஈடாகாது.

இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். என் ஆபீஸுக்கும் பின்கட்டு வீட்டுக்கும் நடுவில் போட ஒரு ஜோடி வயர்லெஸ் பெட்டி வாங்கினேன். ஈ.டி.ஏ. இருக்கிறதா என்று கேட்டதும் விற்றவர் பி.டி.எஃப். ஒன்றை வாட்ஸப்பில் தட்டிவிட்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, வேறு வேலையாகப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, சான்றிதழில் இருக்கும் மாடல் எண்ணுக்கும் ஸ்டிக்கரில் இருப்பதற்கும் கடைசி எழுத்து வேறு. அந்த ஒரு எழுத்துதான் எந்த நாட்டுக்கான தயாரிப்பு என்பதைக் காட்டும் எழுத்து. என்னுடையது வேறொரு நாட்டுக்குச் செய்தது. திருப்பிக் கொடுக்க ஒன்றரை மாதம் அலைந்தேன். அதனால் சான்றிதழை வாங்கி ஃபோனில் சேர்த்து வைத்தால் போதாது. பெட்டியின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக் கேமராவில் பெரிதாக்கி, மாடல் எண்ணை எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள், அப்புறம் சான்றிதழில் போட்டிருக்கும் அலைவரிசையையும் சக்தியையும் பாருங்கள். மூன்றும் பொருந்தினால்தான் அந்தத் தாள் உங்கள் பெட்டிக்கு உரியது.

இப்போது உங்கள் சாமான்களுக்கு வருவோம். பள்ளம் தாண்டும் டிஷ் ஜோடியைப் போடலாம். இந்தியாவுக்கான ஈ.டி.ஏ. உள்ள 5 கிகாஹெர்ட்ஸ் ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள். 2018 விதிகள் 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளைத் திறந்திருக்கின்றன, ஒவ்வொரு பகுதிக்கும் சக்தி வரம்பு தனித்தனி. பெட்டியின் செட்டிங்கில் நாடு என்ற இடத்தில் ‘இந்தியா’ என்று வைத்தால் வரம்பை அதுவே பார்த்துக்கொள்ளும். நெட் நன்றாக இழுக்கவில்லை என்று வேறு நாட்டைப் போட்டு சக்தியைக் கூட்டச் சொல்லும் வீடியோக்கள் ஏகப்பட்டது இருக்கின்றன. ஒப்புதல் பெற்ற நல்ல கருவியைச் சட்டவிரோதக் கருவியாக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஒருவேளை 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆண்டெனா வழியாக வெளியே போகும் மொத்தச் சக்தி 4 வாட், அதாவது 36 டி.பி.எம். (ரேடியோ சக்தியை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. கடைக்காரர் 24 டி.பி. டிஷ் ஒன்றைக் காட்டி "இதை மாட்டுங்க, பக்காவா இழுக்கும்" என்பார். அலையை ஒரே பக்கமாகக் குவித்து டிஷ் எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான் அந்த 24. 36-லிருந்து 24 போனால் 12. 12 டி.பி.எம். என்றால் சுமார் 16 மில்லிவாட். அந்த டிஷ்ஷை மாட்டினால் டிரான்ஸ்மிட்டரை அவ்வளவுக்குக் குறைத்தே ஆக வேண்டும். பெட்டிக்கு ஈ.டி.ஏ. இருக்கிறது, டிஷ்ஷும் நல்ல கம்பெனி, ஆனால் இரண்டையும் முழுச் சக்தியில் சேர்த்தால் விதிமீறல். இங்கே மாட்டுவது விற்றவர் அல்ல, மாட்டியவர்.

அதே 2.4 விதிகளில் உயரமும் உண்டு. அனுமதி பெற்றுக் கட்டிய கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் ஆண்டெனா இருக்க வேண்டும். நம் மலையில் தோட்டத்து மேட்டில் நிற்கும் சில்வர் ஓக்கில் கம்பி சுற்றிப் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன், காற்றில் மரம் ஆடும்போது நெட்டும் ஆடும். விதி பேசுவது கூரையைப் பற்றி, மரத்தைப் பற்றி அல்ல. கூரையிலேயே ஒரு கம்பம் நடுங்கள்.

நடுவில் கிளை மறைத்தால்? 1.2 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில், கண்ணுக்குத் தெரியும் கோட்டைச் சுற்றி நடுப்பகுதியில் ஏறக்குறைய 4 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும், அதில் பெரும்பகுதி காலியாக இருக்க வேண்டும். மஞ்சு மூடினால் நெட் போய்விடும் என்று பயப்படாதீர்கள், இந்தத் தூரத்துக்கு மஞ்சு ஒன்றும் செய்யாது. நனைந்த இலைதான் எதிரி. ஆனால் அரிவாளை எடுக்கும் முன் நீலகிரியில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஞாபகம் இருக்கட்டும். மரம் உங்கள் பட்டாவிலேயே நின்றாலும் வெட்ட அனுமதி வேண்டும். மாடியின் வேறு மூலைக்குக் கம்பத்தை மாற்றிப் பார்ப்பது மலிவு.

லோரா சென்சார் விஷயத்தில் செய்தி நல்லதல்ல. 915 என்று விற்பது அமெரிக்கக் கணக்கு. அந்தத் திட்டப்படி சென்சார் பேசுவது 902.3-லிருந்து 914.9 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தியாவில் 890 முதல் 915 வரை நம் செல்ஃபோன்கள் டவரோடு பேசும் வழி. அதாவது உங்கள் சென்சார் டவரின் காதருகே போய்க் கத்துகிறது. ஐரோப்பிய 868 வாங்கியிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டீர்கள். அங்கே வழக்கமான சேனல்கள் 868.1, 868.3, 868.5, நம் விலக்கு 868-லேயே முடிந்துவிடுகிறது. இந்தியாவுக்கான லோரா அலைவரிசைத் திட்டம் ஐ.என். 865 என்று தனியாக இருக்கிறது, சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. ஈ.டி.ஏ.வோடு அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். "சாஃப்ட்வேர்ல 865-க்கு மாத்திக்கலாம் சார்" என்பார்கள். சிப் மாறலாம், உங்கள் பெட்டிக்கு ஒப்புதல் இல்லை என்பது மாறாது.

பார்சல் தடையில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். சுங்கத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கும்போது காகிதத்தில் இறக்குமதியாளர் நீங்கள்தான்.

இத்தனூண்டு சக்திக்கு யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஊட்டி பக்கம் முத்தொரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது அல்லவா, அது 326.5 மெகாஹெர்ட்ஸில் விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் சென்சாருக்கும் அதற்கும் அலைவரிசை வேறு, தகராறு வராது. ஆனால் இந்த மாவட்டத்தில் யார் எதைக் கேட்கிறார்கள் என்பது வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியாது, வெலிங்டனில் ராணுவம் வேறு இருக்கிறது. விலக்குப் பெற்ற கருவியே ஆனாலும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இடைஞ்சல் என்று புகார் வந்தால் இடத்தை மாற்றச் சொல்வார்கள், சக்தியைக் குறைக்கச் சொல்வார்கள், முடியாவிட்டால் நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் புகார் கொடுக்கும் உரிமை கிடையாது.

உடனே பேட்டரி கழற்றச் சொன்னது வாக்கி டாக்கியை. நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டியின் மேல் 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. எந்த அலைவரிசைக்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளும் கருவி அது. அரசுத் துறைகளும் லைசென்ஸ் வாங்கிய மற்றவர்களும் பேசும் இடத்தில் எல்லாம் போய் நிற்கும். லைசென்ஸ் வேண்டாத வாக்கி டாக்கி என்பது 446.0 முதல் 446.2 வரை மட்டும் பேசுவது, அதற்கும் ஈ.டி.ஏ. வேண்டும். உங்களுடையதை 446-ல் மட்டும் வைத்துப் பேசுவேன் என்பது வாதமாகாது, வைத்திருப்பதே கேள்வி என்று மேலே சொன்னேனே. பழைய சாமான் விற்கும் தளத்தில் போட்டுக் கைகழுவவும் பார்க்காதீர்கள். விற்பது அடுத்த வம்பு.

விற்றவருக்கு எழுத்தில் எழுதுங்கள்: ஈ.டி.ஏ. நகலைக் கொடு, இல்லையென்றால் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் இதே வாக்கி டாக்கி விற்பனைக்காக 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அப்புறம் வழிகாட்டு விதிகளும் வந்தன. கருவியின் அலைவரிசையையும் ஒப்புதல் விவரத்தையும் விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். உங்கள் பில்லையும் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள், நாளைக்குப் பக்கம் காணாமல் போகலாம். பணம் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. டிஷ் போட்டதும் பக்கத்து நான்கு வீட்டுக்காரர்கள் "மாசம் இருநூறு தர்றோம், எங்களுக்கும் கொடு" என்று வருவார்கள், மலையில் இது நடக்காமல் இருக்காது. காசு வாங்கி நெட் கொடுப்பது தொலைத்தொடர்புச் சேவை. அதற்கு எந்த ஃப்ரீ பேண்டும் உதவாது. ஆசை இருந்தால் மத்திய அரசின் பி.எம். வாணி திட்டத்தில் பொது வைஃபை நிலையமாகச் சேரலாம், நிலையம் நடத்துபவருக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ் சேர வேண்டும். ஹோம்ஸ்டே விருந்தினருக்குப் பாஸ்வேர்ட் கொடுப்பது வேறு விஷயம். அங்கேயும் யார் எந்த அறையில் எந்தத் தேதியில் தங்கினார் என்ற பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள். அந்த இணைப்பு பெரியப்பா பெயரில் இருக்கிறது, விருந்தினர் யாராவது வில்லங்கம் செய்தால் போலீஸ் முதலில் தட்டுவது ரோட்டோர வீட்டுக் கதவைத்தான். டிஷ்ஷைக் கூரையில் ஏற்றும் முன் பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.